மரம் நிக்குதா?

தட்டு வந்த அன்று கம்பம் வரவில்லை.
ஒரு கையெழுத்துக்காக
மன்னவனூர் வளைவில் லாரியிலேயே கிடந்து
திரும்பிப் போய்விட்டது.
நான் கயிற்றை எடுத்துக்கொண்டு
தைலமரத்தில் ஏறினேன்.

உச்சிக் கவட்டையிலிருந்து
பூம்பாறை மேட்டுக் கோபுரம் ஒரு கொசு அளவு தெரிந்தது.
அந்தக் கொசுவுக்கு முகம் திருப்பி
நான்கு நட்டு, இரண்டு முழம் சைக்கிள் டியூப்,
இறுக்கிக் கட்டினேன்.
கீழே தபால் ஆபீஸ் சவரியம்மா போனைத் தூக்கிப் பிடித்து
"சுத்துது, சுத்துது... வந்துருச்சு!"

அன்றிலிருந்து
கிளாவரைக்கு மேலே எங்கள் நாற்பத்தொரு வீட்டுக்கும்
இணையம் என்பது ஒரு மரம்.

மழை ஒன்றும் செய்யாது. மூடுபனியும்.
காற்றுதான்.
ஆடியில் அது தலையாட்டினால்
வடுகபட்டியிலிருந்து பூண்டு விலை சொல்லும் குரல்
"கிலோ நூத்தி" என்ற இடத்தில் நின்றுவிடும்.
நூத்தி எவ்வளவு என்று தெரியாமலே
மூட்டை கட்டுவோம்.

திருப்பூரில் இருக்கும் பவுன்ராசுவுக்கு
அவன் குதிரை போட்ட குட்டியைக் காட்டினார்கள்.
குட்டி முன்னங்காலை ஊன்றியது,
பின்பக்கம் எழும்பியது,
அப்படியே உறைந்தது.
மூன்று நாள் கழித்துத்தான்
அது நிற்பதை அவன் பார்த்தான்.

யாரும் நெட் இருக்கா என்று கேட்பதில்லை.
"மரம் நிக்குதா?"
பஸ் ஏறும்போது, உரம் சுமக்கும்போது,
சாவு வீட்டில்கூட, கொஞ்சம் மெதுவாக.

இரவில் காற்று கிளம்பினால் எனக்கு விழிப்புத் தட்டும்.
போர்வைக்குள் கிடந்தபடி
எந்த நட்டு, எந்த முடிச்சு என்று
கிளை கிளையாக ஏறி இறங்குவேன்.

மாசியில் வனத்துறை வந்து
தாரில் எண் எழுதியது: 214.
வெளிநாட்டு மரம், தண்ணீர் குடிக்கும் மரம்,
எடுத்துவிட்டுப் புல்லும் சோலையும் கொண்டுவரப் போகிறார்களாம்.
நான் சண்டைக்குப் போகவில்லை.
அதன் காலடி ஊற்றில் ஒரு குடம் நிறைய
இப்போது இரண்டு பீடி நேரம் ஆகிறது.
என் வீட்டிலும் குடம் இருக்கிறது.

கம்பத்துக்கு மனுப் போடச் சொன்னார் வனவர்.
நல்ல மனிதர்தான்.
"ஆன்லைன்ல மட்டும்தான் எடுக்குறாங்க,
சீக்கிரம் போட்டுருங்க" என்றார்
மரத்தைப் பார்த்தபடி.
மூன்றாம் பக்கத்தில் காற்று வந்தது.
விடியற்காலையில் மறுபடி உட்கார்ந்து முடித்தேன்.

அறுக்க வந்த அன்று
ஓர் இலை அசையவில்லை.
அந்த வருடத்தில் அப்படி ஒரு காலை வாய்த்ததே இல்லை.
மேலே போய் முதல் நட்டில் ஸ்பேனரை வைத்தேன்.
"இருய்யா! இன்னும் ஏழு பேரு!"
சவரியம்மா கைக்கருவியோடு
பென்ஷன்காரர்களை வரிசையில் நிறுத்தியிருந்தாள்.
பூண்டு உரித்துத் தேய்ந்த விரல்கள்.
ஒருத்திக்குக் கட்டைவிரல் பதியவில்லை,
ஆள்காட்டி விரல் பதியவில்லை,
சேலையில் துடைத்து, வாயால் ஊதி,
மோதிர விரல்.
பதிந்தது.

அறுப்புக்காரர்கள் மெஷினை அணைத்துவிட்டு
டீ ஊற்றிக்கொண்டார்கள்.
ஒருவன் அண்ணாந்து பாஸ்வேர்டு கேட்டான்.
மேலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினேன்.
அவன் யாருக்கோ எங்கள் மலையைச் சுற்றிக் காட்டினான்,
குதிரையை, பூண்டுக் காட்டை, என் கால்களை.
ஒரு தடவைகூட உறையவில்லை.

ஏழு பேர் முடிந்ததும்
நட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
இறங்கினேன்.

பூம்பாறை போனால் பார்த்துக்கொள்கிறேன்,
மனு பரிசீலனையில் இருக்கிறது.
தட்டு கட்டிலுக்கடியில்.
காற்றடிக்கும் இரவுகளில்
நன்றாகத் தூங்குகிறேன்.

ஊற்றுக்குப் போகிறவர்கள் என்னைக் கண்டதும்
பழக்கத்தில் வாயெடுத்து
மரம் என்று தொடங்கி
குடத்தை இடுப்பு மாற்றிக்கொள்கிறார்கள்.